கவ்வினால் விடாது!

ராஜபாளையம் நாய் கவ்வினால் விடாது என்பார்கள். என் பைக்கின் டிஸ்க் பிரேக்கும் அதே ஊர்தானே! ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்வதற்குள் டிஸ்க் தோசைக்கல்லாகச் சுட்டது. சூடேறி ஆயில் கொதித்துவிட்டால், அப்புறம் பிரேக்கே பிடிக்காது. பின்னால் மனைவி, நடுவில் மகள்... விளையாட்டா?

வீட்டிலேயே காலிப்பரைக் கழற்றி, ஹோஸை மட்டும் விட்டுவைத்து, லீவரை அழுத்த அழுத்த, ஆயிலே பிஸ்டனை வெளியே தள்ளியது. சுத்தியலுக்கு வேலையில்லை. பிஸ்டனைத் திரும்ப உள்ளே இழுக்க ஸ்பிரிங் கிடையாது. சுற்றியிருக்கும் ரப்பர் வளையம்தான் இழுக்கும். அது உட்காரும் பள்ளம் முழுக்க அழுக்கு!

"பெட்ரோல் ஊத்திக் கழுவுங்க தம்பி" என்றார் அடுத்த வீட்டு அண்ணாச்சி. பெட்ரோல் பட்டால் அந்த ரப்பர் ஊதிவிடும். பழைய டூத் பிரஷ், புது பிரேக் ஆயில், புது வளையம். மாட்டி, ஏர் எடுத்து, லீவர் கெட்டியானபின் சக்கரத்தைச் சுழற்றினேன். ஜோராகச் சுற்றியது. அண்ணாச்சிதான் இரண்டு நாளாகப் பேசுவதில்லை.