புகையும் பனியும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலைப்பள்ளி ஒன்றில் தமிழாசிரியராகச் சேர்வதற்காக முதன்முதல் அவ்வழியே சென்றபோது, அருகில் அமர்ந்திருந்த சிறுவன் வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தான். "அறுபத்தெட்டு முடிந்தது, இன்னும் இரண்டுதான்" என்றான். மொத்தம் 70 என்பதும் கடந்தவை 68 என்பதும் உண்மையானால் எஞ்சியவை இரண்டே. ஐயத்திற்கு அங்கு இடமில்லை. அடுத்து, "இப்போது ஹாரன் அடிப்பார், பாருங்கள்" என்றான். ஓட்டுநரும் அடித்தார். இதுவரை எல்லா வளைவுகளிலும் அடித்தவர் இதிலும் அடிப்பார் என்பது அவன் கணிப்பு. அது பலித்தது, பலியாமலும் போயிருக்கலாம்.

முன்னதை உய்த்தறிதல் என்றும் பின்னதைத் தொகுத்தறிதல் என்றும் கூறுவர். ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் இவற்றை விதிவிளக்கு முறை, விதிவருமுறை என்னும் பெயர்களில் பயின்றோம். விதியைக் கூறி எடுத்துக்காட்டுக்கு இறங்குவது ஒன்று; எடுத்துக்காட்டுகளைத் திரட்டி விதிக்கு ஏறுவது மற்றொன்று. (உங்கள் கணிதப் பாடநூலில் உள்ள கணிதத் தொகுத்தறிதல் பெயரளவில்தான் தொகுத்தறிதல். அதன் முடிவு பிழைபடாது. ஆகவே அது உய்த்தறிதலின் இனம்.) தேர்வில் இவ்வேறுபாட்டை எழுதி மதிப்பெண் பெற்றவன் நான். எனினும், அது எனக்கு விளங்கியது மலைக்கு வந்த பிறகே.

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் 29ஆவது காதை, தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை. அதில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவைகளை விளக்குகிறார். 'இம்மலை நெருப்புடையது' என்பது நிறுவ வேண்டிய கூற்று; அதனைப் பக்கம் என்பர். 'புகையுடைமையால்' என்பது ஏது. 'அடுக்களையைப் போல' என்பது திட்டாந்தம். அரிஸ்டாட்டில் வகுத்த முறையில் பொதுவிதி இருந்தால் போதும், அடுக்களைக்கு வேலையில்லை. நம் அளவை நூலாரோ அடுக்களையை விடவில்லை. புகையுள்ள இடத்தில் நெருப்புண்டு என்னும் விதியை மனிதர் பெற்றது அடுப்படியில் நாள்தோறும் கண்ட காட்சியால் அன்றோ? உய்த்தறிதல் காலூன்றி நிற்கும் தரை, தொகுத்தறிந்த அனுபவமே.

நான் பணியில் சேர்ந்தது ஐப்பசியில். இரண்டாம் வாரம் ஒருநாள் விடியலில், எதிர்ச்சரிவில் வெண்மையாக ஏதோ எழுவதைக் கண்டு, "காடு எரிகிறது" என்று கூவிக்கொண்டு ஓடினேன். விடுதி மாணவர்கள் சிரித்தார்கள். அது மூடுபனி. என் விதியில் பிழையில்லை. கண்டதுதான் புகை அன்று. ஆவியோ பனியோ என்னும் ஐயம் தீராதபோதே புகையெனக் கொண்டு நெருப்பைத் துணிவது ஏதுப்போலிகளுள் ஒன்று என அறவண அடிகள் அதே காதையில் எச்சரிக்கிறார். படித்திருந்தும் ஏமாந்தேன்.

அதன்பின் மறுபுறம் சாய்ந்தேன். காலையில் சரிவு வெளுக்கும்போதெல்லாம் மாணவர்களைக் கேட்பேன். "பனிதான் ஐயா" என்பார்கள். ஐம்பது அறுபது காலைகளில் என்னுள் வேறொரு விதி வேரூன்றிவிட்டது: இம்மலையில் வெண்மையாக எழுவது பனியே.

பங்குனியில் ஒரு பிற்பகல். பாடம் நடந்துகொண்டிருக்கையில் மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, எங்கள் களத்துப் பக்கம் புகை" என்றாள். சன்னல் வழியே பார்த்தேன். "பனிதான் அம்மா, உட்கார்" என்றேன். அவள் உட்காரவில்லை. ஒருகணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே ஓடினாள். அவள் பின்னே நால்வர் ஓடினர். அதன் பிறகே நானும் எழுந்தேன்.

நாங்கள் சென்று சேர்ந்தபோது, கோடை முழுவதும் மாடுகளுக்கென வைத்திருந்த சாமைத்தாள் போர் பாதிக்குமேல் எரிந்துவிட்டிருந்தது. பத்தடி தள்ளிக் கூரைவீடு; உள்ளே அடுத்த விதைப்புக்கான சாமை. ஊரார் ஈரச் சாக்குகளாலும் பச்சைக் கிளைகளாலும் அடித்து, தீ கூரையைத் தொடாமல் நிறுத்தினர். அவளுடைய தந்தை எனக்கு நன்றி கூறினார். 'உட்கார்' என்று நான் சொன்னதை அவளும் அவரிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அவளிடம், "எப்படி அறிந்தாய்?" என்று கேட்டேன். "பங்குனி வெயிலில் பனி ஏது ஐயா? பனி சரிவு முழுவதும் பரவிக் கிடக்கும். அது ஓரிடத்திலிருந்து கிளம்பி, மேலே போகப்போக அகன்றது" என்றாள்.

அவளும் கண்டு கண்டுதான் விதி அமைத்திருந்தாள். ஆனால், பனியையும் புகையையும் அருகருகே வைத்து, பருவமும் பொழுதும் வடிவும் குறித்துக் கண்டிருந்தாள். என்னுடைய அறுபது காட்சிகளும் குளிர்காலத்து விடியற்காலைகள். எண்ணிக்கை கூடக்கூட என் துணிவு வளர்ந்ததே தவிர, அவற்றுள் ஒரு பிற்பகல்கூட இல்லை.

ஒத்த இடத்தைக் காட்டும் சாதன்மிய திட்டாந்தத்தோடு நில்லாமல், நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை, நீரைப்போல, என மாறுபட்ட இடத்தையும் காட்டும் வைதன்மிய திட்டாந்தத்தை அறவண அடிகள் உடன் வைக்கிறார். கடினமான பகுதி என்று அவ்வாண்டு அதை நான் தாண்டியிருந்தேன். மறுநாள் அதை நடத்தினேன். வைதன்மியத்திற்கு எடுத்துக்காட்டு கேட்டபோது, நீர் என்று நூலில் உள்ளதை எவரும் கூறவில்லை. பின்வரிசையில் இருந்த ஒருவன் எழுந்து, "பனி மூடிய சரிவு, ஐயா. அங்கே நெருப்பும் இல்லை, புகையும் இல்லை" என்றான்.