சில்லறைக் கணக்கு

பௌர்ணமிதோறும் திருவண்ணாமலைக்கு வரும் கூட்டம் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடந்து கலைகிறது. அப்பாதையோரம் பூவும் நெய்விளக்கும் விற்கும் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர், இலக்கியம் பேசக் கூடும் நாங்கள் சனிக்கிழமைகளில் நடத்தும் வகுப்புக்கு வருகிறார்கள். ஆறாம், ஏழாம் வகுப்பினர். கழித்தலும் ஆங்கில எழுத்துக்கூட்டலுமே பாடம். கொரோனாவின் கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழக அரசு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடக்க வகுப்புகளுக்கானது. இவர்கள் அதைக் கடந்துவிட்டவர்கள்.

அவர்களில் ஒரு சிறுமி. 12 ரூபாய் விளக்கு மூன்று வாங்கியவர் நூறு ரூபாய் நீட்டினால், தயங்காமல் 64 ரூபாய் மீதி தருகிறாள். முப்பத்தாறிலிருந்து நாற்பதுக்கு நான்கு, நாற்பதிலிருந்து நூறுக்கு அறுபது என்று மேல்நோக்கி எண்ணுகிறாள். அதையே நோட்டில் 100 - 36 என எழுதித் தந்தால் விடை 136. ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்துவிடுகிறாள். கடையில் யாரேனும் நூறு ரூபாய் தந்து 136 ரூபாய் மீதி கேட்டால் சிரித்திருப்பாள்.

பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் விற்கும் சிறாரிடம் இதே பிளவைக் கண்ட ஆய்வு 1985இல் வெளிவந்தது. கொல்கத்தா, டெல்லி சந்தைச் சிறாரைப் பற்றி 2025இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு மறுபக்கத்தையும் காட்டியது: பள்ளிக் கணக்கில் தேர்ந்த பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினர்.

ஆகவே நோட்டை மூடிவிட்டு, பத்து ரூபாய்த் தாள்களையும் ஒரு ரூபாய் நாணயங்களையும் பரப்பினோம். ஐந்து தாள், இரண்டு நாணயம்; இதிலிருந்து 27 தர வேண்டும். ஒரு தாளுக்குச் சில்லறை மாற்றாமல் முடியாது. பள்ளியில் 'கடன் வாங்குதல்' என்பது இதுதான் என்று புரிந்ததும், அவளே நோட்டை எடுத்தாள்.

ஆங்கிலத்திலும் இத்தகைய காரணம் உண்டு. தமிழில் ஒரே ககரம் 'கல்' என்பதில் வல்லென்றும் 'தங்கம்' என்பதில் மென்மையாகவும் ஒலிக்கிறது. சொல்லில் அது நிற்கும் இடமே ஒலியைத் தீர்மானிக்கிறது. ஆங்கிலத்திலோ 'கே', 'ஜி' என இரண்டு எழுத்துகள். அவற்றை மாற்றி எழுதும் பிள்ளை மந்தமானதன்று. தாய்மொழியின் நியாயத்தைப் பின்பற்றுகிறது. அந்த இரு சொற்களையும் உரக்கச் சொல்ல வைத்த பிறகே எழுத்தைக் காட்டுகிறோம்.

பத்தாவதோடு அவளைக் கடையில் அமர்த்துவதாக வீட்டில் பேச்சிருக்கிறது. அதை மாற்றும் ஆற்றல் எங்களுக்கில்லை. ஆனால் தனக்குக் கணக்கு வராது என்று நம்பி அவளே அதற்கு இசைந்துவிடக் கூடாது. சனிக்கிழமைகள் அதற்காகத்தான்.