அடிக்குக் கால் இஞ்சு வாட்டம்

வடவள்ளியில், மருதமலைக்குப் போகிற சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி அந்த வீடு. படியேறும்போதே வாடை அடித்தது. மாடியில் கட்டி ஒரு வருடம்கூட ஆகாத குளியலறை. கண்ணாடித் தடுப்பு, வெள்ளை அக்ரிலிக் ஷவர் ட்ரே, தலைக்கு மேலே தட்டு அகலத்தில் ஷவர். வீட்டுக்கார அம்மா கதவோரம் நின்று சொன்னார்: "குளிச்சு முடிக்கறதுக்குள்ள கரண்டக்கால் முங்கத் தண்ணி நிக்குதுங்க. அப்பறம் ராத்திரியில களக்களக்குனு சத்தம் வேற."

நான் கூடப் போயிருந்தது ஒரு பிளம்பர் அண்ணனோடு. முப்பது வருடமாக இதே தொழில். ஒரு நாள் முழுக்கப் பின்னாலேயே வந்து பார்க்கிறேன் என்று கேட்டபோது, "பாக்கறதுக்கு என்னங்க இருக்குது, பூரா மண்ணுக்குள்ளயும் டைல்ஸுக்குள்ளயும்தான் கெடக்குது" என்றார். அன்று மாலைக்குள் எனக்குக் கிடைத்ததோ, எழுதித் தீராத அளவுக்கு விஷயம்.

அவர் பையைத் திறக்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை ட்ரேயில் ஊற்றிவிட்டுக் குனிந்து காதை வைத்தார். முதலில் மெதுவாக இறங்கியது, நின்றது, பிறகு கபக்கென்று இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் ஒரு களக். "கேட்டீங்களா? காத்து மாட்டிக்கிச்சு. ரெண்டு பக்கமும் தண்ணி அடைச்சு நடுவுல காத்து நிக்குது."

ட்ரேயின் பக்கப் பலகையைக் கழற்றி டார்ச் அடித்தபோதுதான் அவர் சொன்னது விளங்கியது. ட்ரேயின் வாயிலிருந்து தரையிலுள்ள நானி டிராப் வரைக்கும் இரண்டடிதான் தூரம். அந்த இரண்டடிக்கு நாலடி ஃப்ளெக்ஸிபிள் வேஸ்ட் பைப்பை வாங்கி, மிச்சத்தை வெட்டாமல், துணிக்கொடி போலத் தொய்யவிட்டு மாட்டியிருந்தார்கள். தொய்ந்த இடத்தில் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். நானி டிராப்பிலோ, சாக்கடை வாடை மேலே வராமல் தடுக்க 50 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கத்தான் வேண்டும். அதற்காகவே செய்த பொருள் அது. இரண்டு தேக்கத்துக்கும் நடுவில் காற்று சிக்கினால் அதுவே மூடியாகிவிடுகிறது. மேலே தண்ணீர் ஏறி, கனம் கூடி, காற்றைத் தள்ளிக்கொண்டு ஒரே மூச்சில் பாயும்போது டிராப்பில் நிற்க வேண்டிய தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அப்புறம் வாடைக்குத் தடை ஏது?

பழைய பைப்பைக் கழற்றி ஹேக்ஸா பிளேடால் நெடுக்காகக் கீறிக் காட்டினார். மடிப்பு மடிப்பான உட்புறத்தில் ஒவ்வொரு மடிப்பிலும் முடி, சோப்பு மசி, அதன்மேல் வெள்ளைப் பொருக்கு. வெள்ளை எதனால் என்று கேட்டேன். அந்த வீட்டில் சிறுவாணித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். குளிப்பதெல்லாம் போர் தண்ணீர். கோவைக்காரர்கள் ஒன்றை நல்ல தண்ணி என்றும் இன்னொன்றை உப்புத் தண்ணி என்றும் பிரித்துச் சொல்வது நாக்கை வைத்துத்தான். ஆனால் அந்தப் பிரிவினை பைப்புக்குள்ளும் தெரிகிறது. உப்புத் தண்ணீரின் சுண்ணாம்பு சோப்போடு சேர்ந்து திரிந்து ஒட்டும். வழவழப்பான பிவிசி பைப்பாக இருந்தால் ஓரளவு கழுவிப் போகும். மடிப்புப் பைப்பில் ஒட்டினது ஒட்டினதுதான்.

"அப்படின்னா இந்தப் பைப்பே ஆகாதா அண்ணா?"

"ஆகாதுன்னு யாருங்க சொன்னா? ட்ரே வாய் ஒரு பக்கம், நானி ஒரு பக்கம் நாலு இஞ்சு வெலகி இருக்குது. பிவிசியில போனா ரெண்டு எல்போ போடோணும். அத்தன எல்போ இந்தச் சந்துல நொழையாது. வளையற பைப்பு அதுக்குத்தான். வளையுதுங்கறதுக்காக வாட்டம் இல்லாமப் போடலாம்னு நெனச்சாங்க பாருங்க, அதுதான் தப்பு."

வாட்டம். அன்றைக்கு அந்தச் சொல்லை எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணவில்லை. தண்ணீர் தானாக ஓடக் கொடுக்கும் சரிவுக்கு நம் கொத்தனார்களும் பிளம்பர்களும் வைத்திருக்கும் சொல். அடிக்குக் கால் இஞ்சு வாட்டம் என்பது அவர்கள் கணக்கு. மடிப்புப் பைப்புக்கு இவர் அரை இஞ்சு கொடுக்கிறார். கொங்கு நாடே வாட்டத்தில் நிற்கிற ஊர்தான். வெள்ளியங்கிரியிலிருந்து இறங்கும் நொய்யல் தண்ணீரைச் சித்திரைச்சாவடியில் தடுத்துத் திருப்பி, கிருஷ்ணாம்பதி, செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம் என்று குளம் குளமாக நிரப்பினவர்கள் கையில் மோட்டார் இல்லை. பவானியிலிருந்து நொய்யல் வரைக்கும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் போகும் காளிங்கராயன் வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டு வேலை. அது ஏன் அத்தனை நெளிந்து போகிறது என்று சின்ன வயதில் எனக்குப் புரிந்ததே இல்லை. வாட்டம் கெடாமல் நிலத்தோடு ஒட்டிக் கொண்டுபோனால் வாய்க்கால் அப்படித்தான் நெளியும். இந்த இரண்டடிப் பைப்பை நெளியவிட்டவருக்கு வாட்டம் ஞாபகத்தில் இல்லை, அவ்வளவுதான்.

அண்ணனுக்குக் கையாள் ஓர் இளைஞர், ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்துக்காரர். இந்தியாவின் பெருநகரங்களில் பிளம்பிங் வேலையில் அந்த மாவட்டத்து ஆட்கள் நிறையப் பேர். அங்கே பட்டாமுண்டாயில் பிளம்பிங்குக்கென்றே அரசுப் பயிற்சி நிலையம் இருக்கிறது. இவர் அதில் படிக்கவில்லை, மாமா பின்னால் போய்க் கற்றவர். கோவைக்கு வந்து நாலு வருடம். "அண்ணா, இக்கட்டப் புடிங்க" என்கிறார், ஊர்க்காரர் போலவே. நானி என்ற சொல்லும் அப்படி வெளியிலிருந்து வந்து நம்மோடு தங்கிவிட்டதுதான். மராத்தியில் ந்ஹாணி என்றால் குளியலிடம்.

இனி செய்த வேலை. ட்ரேயின் கால்களைத் திருகி ஓர் இஞ்சு உயர்த்தினால் வாட்டம் சுலபமாகக் கிடைத்துவிடும். கையாள் ஸ்பானரைக்கூட எடுத்துவிட்டார். அண்ணன் தடுத்தார். "பாட்டி குளிக்கற எடமப்பா இது. முட்டி வலின்னு சொன்னாங்கல்ல? படி ஓர் இஞ்சு ஏறுனா அவங்களுக்கு நெம்ப ஏத்தம்." மேலே ஏற்றாமல் கீழே இறக்கினார். தரையில் நீட்டிக்கொண்டிருந்த நானி டிராப்பின் வாய்ப் பைப்பை, ஃபிரேம் இல்லாத வெறும் பிளேடில் துணி சுற்றிப் பிடித்து, படுத்தவாக்கில் ஓர் இஞ்சு அறுத்து எடுத்தார். அரை மணி நேரம் ஆயிற்று. விரல் முட்டிகள் சிமெண்டில் உரசிச் சிவந்துவிட்டன. அந்த ஓர் இஞ்சை நான் அந்த வீட்டின் மிக நல்ல வேலைப்பாடு என்று சொல்வேன். கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் அத்தனை யோசித்தவர்கள் ட்ரேக்கு அடியில் ஓர் ஆள் கைவிடவாவது இடம் விட்டு வரைந்திருக்கலாம்.

பிறகு ஃப்ளெக்ஸிபிள் பைப்பை மடிப்புகள் விரியும்வரை இழுத்து, அளந்து, வெட்டினார். ரப்பர் வாஷரின் கூம்புப் பக்கம் மூட்டுக்குள் பார்க்க வேண்டும். அதில் எண்ணெய் தடவக் கூடாது, ரப்பர் ஊதிவிடும்; சோப்புத் தண்ணீர் போதும். நட்டைக் கையால் இறுக்கி, மேலே கால் சுற்று. கையாள் டெஃப்லான் டேப்பை நீட்டினார். "இங்க வேண்டாம். வாஷர் புடிக்கற எடத்துல டேப்பச் சுத்துனா மரைதான் முறுக்கிக்கும், வாஷர் ஒக்காராது." நெடுக்காகப் பிளந்த ஒரு பிவிசி பைப்பைத் தொட்டில் மாதிரி அடியில் வைத்து, செங்கல் சில்லுகளால் முட்டுக்கொடுத்து, பைப்பை அதில் கிடத்தினார். ரசமட்டத்தின் குமிழி ட்ரேயின் பக்கம் ஒதுங்கி நின்றது. இனி அந்தப் பைப் தொய்ய வழியில்லை.

அடியில் செய்தித்தாளை விரித்துவிட்டு, ட்ரேயின் வாயைத் துணியால் அடைத்துத் தண்ணீரை நிரப்பித் துணியை உருவினார். சத்தமே இல்லை. மூன்று முறை செய்தார். தாளில் ஒரு சொட்டுகூட இல்லை. பலகையை மாட்டுமுன் அதன் உள்பக்கத்தில் பென்சிலால் தேதியும், பைப் போகிற வழியும், வெட்டின அளவும் எழுதினார். யாருக்கு என்றேன். "அடுத்து வர்றவனுக்கு. நானா இருந்தாலும் சரி."

கிளம்பும்போது அந்த அம்மாவிடம் கீழ்வீட்டு விருந்தினர் அறையைப் பற்றிக் கேட்டார். மாதக்கணக்கில் பூட்டித்தான் கிடக்கிறதாம். அங்குள்ள நானியில் தண்ணீர் வற்றினால் வாடை மட்டுமா வரும்? 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் சார்ஸ் தொற்றியபோது, தண்ணீர் வற்றிப்போன குளியலறைத் தரை டிராப்புகளும் கிருமி பரவ வழிவிட்டன என்று விசாரணையில் தெரியவந்தது. அண்ணனுக்கு அந்தக் கதை தெரியாது. நான்தான் பிறகு வண்டியில் போகும்போது சொன்னேன். அவர் அந்த அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை வாசல் தெளிக்கறப்ப, அந்த ரூம்புலயும் ஒரு சொம்புத் தண்ணிய ஊத்தி விட்ருங்க."

"சரிங்க" என்றவர், சொம்போடு அப்போதே படியிறங்கிப் போனார்.