நாலு முனை கூடும் இடம்

ஞாயிறு, மதியம்

அக்கா மகள் கட்டைப்பையில் கொண்டுவந்து கட்டிலில் கொட்டியது பதினான்கு வரிசைகள், வரிசைக்குப் பன்னிரண்டு சதுரம். பிறக்கப்போகும் குழந்தைக்குப் பேட்ச்வொர்க் போர்வை. யூடியூப் பார்த்துத் தானே வெட்டி, தானே தைத்திருக்கிறாள். ஒவ்வொரு வரிசையையும் தனியாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போதுதான் வண்டவாளம் தெரிகிறது. முதல் சதுரம் பொருந்துகிறது. நாலாவதில் லேசான விலகல். பத்தாவதுக்குப் போனால் மேல் வரிசைத் தையல் ஓரிடம், கீழ் வரிசைத் தையல் வேறிடம்.

"இழுத்துப் பிடிச்சுத் தைச்சா சரியாயிரும்ல சித்தி?"

அந்த ஒரு முனை சரியாகும். இழுத்த துணி பக்கத்தில் போய் உப்பிக்கொண்டு நிற்கும். ரவிக்கையில் அப்படி உப்பினால் உடம்பு அதை வாங்கிக்கொள்ளும். தரையில் விரிக்கிற போர்வை எதையும் மறைக்காது.

டேப் எடுத்து அளந்தேன். சதுரங்கள் 3½ இஞ்சுக்கு வெட்டியவை. இரு பக்கமும் கால் கால் இஞ்சு தையலுக்குப் போனால் 3 இஞ்சு நிற்கும். பன்னிரண்டு சேர்ந்தால் 36. இரண்டு ஓரத்திலும் இன்னும் தைக்காமல் மிஞ்சும் கால் இஞ்சுகளோடு 36½ இருக்க வேண்டும். ஒரு வரிசை அதற்குப் பக்கத்தில் வருகிறது. இன்னொன்று 35-ஐயே பட்டும் படாமலும்தான் தாண்டுகிறது.

எட்டு நூல் ஓர் இஞ்சு என்று ஆசாரிகளும் கொத்தனார்களும் போடும் கணக்கைப் போட்டுக் காட்டினேன். கால் இஞ்சு என்பது இரண்டு நூல். தையல் அரை நூல் உள்ளே தள்ளிப் போய்விட்டால் இரண்டு சதுரத்திலும் அரை அரை நூல் போச்சு. ஆக, ஒரு தையலுக்கு ஒரு நூல் நஷ்டம். பன்னிரண்டு சதுரத்துக்கு நடுவில் பதினொரு தையல். பதினொரு நூல் என்பது ஒன்றரை இஞ்சுக்கு ஒரே ஒரு நூல் குறைவு. அரை நூல் விலகலைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அது பதினொரு தடவை கூடி வந்தால் குருடனுக்கும் தெரியும்.

திங்கள்

வரிசைகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். வரிசைக்குப் பதினொன்று வீதம் 154 தையல். நூலைப் பிடித்து இழுக்காமல், மூன்று நாலு தையலுக்கு ஒன்றைப் பிரிக்கிற ஊசியால் அறுத்துவிட்டுப் பின்பக்க நூலை உருவச் சொன்னேன். அப்போதுதான் துணியின் விளிம்பு நையாது.

செவ்வாய், இரவு

கால் இஞ்சுதான் குயில்ட் வேலைக்கு உலகம் முழுக்கப் பழக்கம். நம் டெய்லர்களுக்கு அது கொஞ்சம் கூச்சம் தரும் அளவு. ரவிக்கைக்குப் பக்கத்தில் தாராளமாகத் துணி விட்டுத் தைத்துத்தானே நமக்குப் பழக்கம், பிள்ளை பெற்ற பிறகு பிரித்துவிடலாம் என்று. போர்வையைப் பிரித்துவிடப் போவதில்லை. நூற்றுக்கணக்கான தையல் உள்ள இடத்தில் ஒவ்வொன்றிலும் அரை இஞ்சு மடிந்து கிடந்தால் அடிப்பக்கம் கனத்துப் போகும்; மேலே ஓட்டுத்தையல் போடும்போது ஊசி இறங்காது.

அந்தக் கால் இஞ்சும் சரியாகக் கால் இஞ்சாக இருக்கக் கூடாது என்பதுதான் வேடிக்கை. தைத்து மடக்கும்போது மடிப்பின் திரும்பலிலும் நூலின் பருமனிலும் கொஞ்சம் துணி போய்விடுகிறது. அதற்காகத் தையலை ஒரு மயிரிழை வெளியே தள்ளிப் போட வேண்டும். எவ்வளவு தள்ளி என்று யாரும் சொல்லித்தர முடியாது; அவரவர் மிஷினும் நூலும் துணியும் சேர்ந்து முடிவு செய்கிற விஷயம். அதைக் கண்டுபிடிக்கத்தான் மூன்று துண்டுச் சோதனை. போர்வைக்கு எடுத்த அதே துணியில் மூன்று சதுரம் வெட்டி, வரிசையாகத் தைத்து, தேய்த்து, அளக்க வேண்டும். 3¼ இஞ்சுத் துண்டுகள் என்றால் மொத்தம் 8¾ வர வேண்டும். நடுத்துண்டு கச்சிதமாக 2¾ நிற்க வேண்டும். நடுத்துண்டு குறைந்தால் தையல் உள்ளே போயிருக்கிறது, கூடினால் வெளியே. வெட்டிய அளவு சரியா என்று பத்துத் தடவை பார்க்கிறவர்கள் தைத்த அளவை ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை. என் கணக்கில் பாதிக் கோணல் இங்கேதான் பிறக்கிறது.

அவள் கால் மிஷினில், பாதத்தின் வலது ஓரத்தைத் துணி விளிம்போடு ஒட்டிப் பிடித்துத் தைத்திருக்கிறாள். அந்தப் பாதம் கால் இஞ்சு அகலம் என்று யார் சொன்னது? சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசி முனையை ஸ்கேலின் கால் இஞ்சுக் கோட்டில் இறக்கி, ஸ்கேலின் விளிம்பு முடியும் இடத்தில் பிளேட்டின் மேல் டேப் ஒட்டினோம். ஒரு சுற்று ஒட்டினால் போதாது. ஏழெட்டுச் சுற்று ஒட்டிச் சின்னத் திட்டாக்கினால்தான் துணி அதில் முட்டி நேராகப் போகும். பழைய மிஷின்களில் பிளேட்டுக்குப் பக்கத்தில் கைடு மாட்டத் திருகு ஓட்டை இருக்கும். கைடு கிடைத்தால் டேப் வேண்டாம். இனிமேல் கண் ஊசியைப் பார்க்கவே கூடாது, விளிம்பு திட்டில் உரசுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும் என்றேன். பழக்கம் விடவில்லை, ஊசியையே பார்க்கிறாள்.

வியாழன்

பிரித்த சதுரங்களை அடுக்கிப் பார்த்தால் ஒன்றுகூட இன்னொன்றின் அளவில் இல்லை. கத்தரிக்கோலால் எட்டு மடிப்பை ஒரே வெட்டாக வெட்டியிருக்கிறாள். அடி மடிப்பு நழுவி, கீழே உள்ளவை பெரிதாகவும் சரிந்தும் வந்திருக்கின்றன. அட்டைப் பலகையை அளவாக வைத்துக் கோடு போட்டதும் இன்னொரு காரணம். அட்டை விளிம்பு பென்சில் உரசி உரசித் தேயும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமைச் சதுரமாக வெட்டி வைத்துக்கொண்டால் தேயாது, துணியின் இழையும் அதன் வழியே தெரியும். பென்சில் கோட்டுக்கும் அகலம் உண்டு. கோட்டின் உள் ஓரத்தில் வெட்டுவது என்று முடிவு செய்தால் கடைசிவரை உள் ஓரம்தான்.

வெளிநாட்டில் இந்தத் தலைவலி 1979-ஓடு பெரும்பாலும் தீர்ந்தது. அந்த ஆண்டுதான் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் துணி வெட்டும் உருளைக் கத்தியைக் கொண்டுவந்தது. பீட்சா வெட்டுகிற சக்கரம் மாதிரி இருக்கும். அடியில் ஒரு பாய், மேலே கண்ணாடி ஸ்கேல். துணியைத் தூக்காமலே வெட்டுவதால் மடிப்பு நழுவுவதில்லை. இப்போது இங்கும் ஆன்லைனில் கிடைக்கிறது. பாயும் ஸ்கேலும் சேர்த்து வாங்க முடியாவிட்டால் கத்தி மட்டும் வாங்கிப் பிரயோஜனம் இல்லை.

துணி வேறு மூன்று தினுசு. ஆச்சியின் சுங்குடி இரண்டு, அக்காவின் கைத்தறி ஒன்று, கடையில் எடுத்த வெள்ளை பாப்ளின். சுங்குடி துவைத்துத் துவைத்துத் தளர்ந்து கிடக்கிறது; பாப்ளின் விறைப்பாக நிற்கிறது. இரண்டையும் சேர்த்துத் தைத்தால் சுங்குடிதான் வளைந்து கொடுக்கும். பாப்ளினைத் தண்ணீர் காட்டாமல் வெட்டியிருந்தாள். முதல் துவைப்பில் அது மட்டும் சுருங்கிப் போர்வை முழுக்கச் சுருக்கம் விழுந்திருக்கும்.

இதற்கு மருந்து நம் வீட்டிலேயே இருக்கிறது. எல்லாவற்றையும் அலசி, ஜவ்வரிசிக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி, வடிகட்டி, முக்கி எடுத்து நிழலில் உலர்த்தினோம். லேசான ஈரத்தோடு தேய்த்ததும் மூன்று துணியும் ஒரே விறைப்புக்கு வந்துவிட்டன. மேல்நாட்டில் இதற்காக டப்பா டப்பாவாக ஸ்டார்ச் ஸ்பிரே வாங்குகிறார்கள். கஞ்சி போட்ட சேலை கட்டத் தெரிந்த ஊரில் இதை ஒருவரும் குயில்டுக்குச் சொல்லித்தராதது எனக்கு ஆச்சரியம்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: போர்வை தைத்து முடித்ததும் துவைத்துக் கஞ்சியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி வரும்.

கஞ்சிக்குப் பிறகு எல்லாவற்றையும் 3¼ இஞ்சுக்குத் திரும்ப வெட்டினோம். போர்வை கொஞ்சம் சின்னதாகும், பரவாயில்லை. ஒவ்வொரு சதுரத்தின் விளிம்பும் இழை வழியே போகிறதா என்று பார்த்து வெட்ட வேண்டும். பாவு இழைப் பக்கம் அவ்வளவாக இழுபடாது, ஊடைப் பக்கம் கொஞ்சம் இழுபடும், கிராஸில் வெட்டினால் ரப்பர்தான். சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஓர் இழையை உருவினால் போதும்; அது விட்டுப் போகும் கோடு பொய் சொல்லாது. கிழித்தால் நேராகத்தான் கிழியும், ஆனால் விளிம்பு அலையலையாகிவிடும்.

சனி

பன்னிரண்டு பன்னிரண்டாக நீள வரிசை தைப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். நீள வரிசையில் பிழை பிறந்தால் கடைசி வரை பயணம் போகும். நாலு நாலு சதுரமாக முதலில் சேர்த்தால் 42 கட்டம். ஒவ்வொரு கட்டமும் சரியாக 6 இஞ்சு வர வேண்டும். வராததை அங்கேயே பிரித்துவிடலாம்.

சேர்க்கும் வேலையில் சூட்சுமம் முழுக்க இஸ்திரிப் பெட்டியில் இருக்கிறது. டெய்லர் கடைப் பழக்கத்தில் தையலை இரு பக்கமும் விரித்துத் தேய்ப்போம். இங்கே ஒரு பக்கமாகச் சாய்க்க வேண்டும். மேல் ஜோடியின் தையல் இடப்பக்கம் சாய்ந்தால் கீழ் ஜோடியின் தையல் வலப்பக்கம். இரண்டையும் முகத்தோடு முகம் வைக்கும்போது ஒரு மேட்டின் விளிம்பில் இன்னொரு மேடு வந்து முட்டி நிற்கும். கட்டை விரலால் தடவினால் தெரியும்: இடையில் பள்ளம் தட்டினால் விலகியிருக்கிறது, தடிமன் கூடினால் ஏறியிருக்கிறது, ஒன்றும் தட்டாவிட்டால் சேர்ந்துவிட்டது. கண்ணைவிட விரலுக்கு இது சீக்கிரம் தெரியும்.

எதை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று சீட்டில் எழுதிவைக்கத் தேவையில்லை. சுங்குடியும் வெள்ளையும் சதுரங்கப் பலகை போல மாறி மாறி வருகின்றன. எப்போதும் அடர் நிறத்தின் பக்கமே சாய்த்தால் அடுத்தடுத்த ஜோடிகள் தாமாகவே எதிரெதிராக வந்துவிடும். வெள்ளைக்கு அடியில் சிவப்பு தெரியாது என்பது கூடுதல் லாபம். கட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்க்கும்போது கிடைத்தையல்கள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், ஒன்று விட்டு ஒன்றை அரைச்சுற்றுத் திருப்பி வைக்கலாம். நிற அமைப்பு அப்படியே இருக்கும், தையலின் திசை மட்டும் மாறும். இதைச் செய்து காட்டியபோது அவள் நம்பாமல் தானே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பெட்டியைத் துணிமேல் இழுக்கக் கூடாது. வைத்து எடுக்க வேண்டும். முதலில் தைத்தபடியே மூடிய நிலையில் ஒரு தடவை வைத்துத் தையலை அமர்த்திவிட்டு, பிறகு திறந்து சாய்க்க வேண்டும். சட்டை தேய்ப்பதுபோல் தேய்த்தால் ஆறு இஞ்சுக் கட்டம் சாய்ந்த கட்டமாகிவிடும்.

ஞாயிறு

கட்டங்களைச் சேர்த்தோம். முனைக்கு முனை, சாய்ந்த தையலின் இரு பக்கமும் ஒவ்வொரு குண்டூசி. ஊசி கிட்ட வந்ததும் எடுத்துவிட வேண்டும், மேலே ஓட்டினால் ஊசி முறியும். மேல் துணியின் சாய்ந்த மேடு மிஷின் ஊசியைப் பார்த்தபடி இருந்தால் பாதமே அதைத் தள்ளிக் கீழ் மேட்டோடு நெருக்கிவிடுகிறது. இரண்டு கட்டத்தில் ஒன்று அரை நூல் பெரிதாக இருந்தால் பெரியதை அடியில் வைப்பது. கீழே இருக்கும் பல், அடித்துணியைக் கொஞ்சம் அதிகமாக இழுத்து அந்த மிச்சத்தைப் பரவலாக விழுங்கிக்கொள்ளும். அரை நூல்வரைக்கும்தான் இந்தச் சலுகை. இஞ்சுக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் விழும்படி வைத்திருக்கிறோம். அதைவிடப் பெரிய தையல் வாயைத் திறக்கும், சிறியதைப் பிரிக்கவே முடியாது.

நடுவில் ஒரு வாக்குவாதம். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் தைத்த போர்வைகளின் படத்தைப் போனில் காட்டினாள். "இதுல எதுவுமே நேரா இல்லையே சித்தி, இதைப் போயி மியூசியத்துல வச்சிருக்காங்க!" உண்மைதான். 2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். 2006-ல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால்தலையாகவே வெளியிட்டது. அவ்வளவு தூரம் போவானேன், வட கன்னடத்து எல்லாப்பூர், ஹளியாளப் பக்கம் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற போர்வையில் முனை சேர்கிற பிரச்சினையே கிடையாது. ஓரத்தில் ஆரம்பித்து, கைக்குக் கிடைத்த துண்டை அடித்துணிமேல் வைத்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். துண்டு சேராவிட்டால் அதன்மேல் இன்னொரு துண்டு.

இரண்டும் எனக்குப் பிடித்தவை. ஆனால் அந்தப் பெண்கள் கட்டம் போட்டுவிட்டு அதில் தவறியவர்கள் இல்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை வேறு. சதுரம் வெட்டி, நிறம் மாற்றி அடுக்கி, நாலு முனையை ஒரு புள்ளியில் கூட்டுகிறேன் என்று துணி தானே சொல்லிவிட்ட பிறகு, கூடாத முனை பிசகு மட்டும்தான். கலை என்று பெயர் வைக்க முடியாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், சாயங்காலம் டீ குடிக்கும்போது சரியாகிவிட்டாள்.

புதன்

மேல்துணி முடிந்தது. அகலம் 33½ வந்திருக்கிறது, கணக்கும் அதுவே. நீளம் 39 வர வேண்டியது, இரண்டு நூல் குறைகிறது. நாலைந்து முனைகள் அரை நூல் விலகியிருக்கின்றன. பஞ்சும் அடித்துணியும் வைத்துத் தைத்த பிறகு அவை எனக்கே தெரியாது என்பதால் பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பார்டர் துணியை ஓரத்து நீளத்துக்கு வெட்டாமல், போர்வையின் நடுவில் எடுத்த அளவுக்கு வெட்ட வேண்டும். ஓரம் கையாண்டு கையாண்டு நீண்டிருக்கும். அதை நம்பி வெட்டினால் பார்டர் அலை அலையாக நிற்கும்.

தையல் வகுப்பு நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்போது நிறையப் பெண்கள் பேட்ச்வொர்க் பையும் போர்வையும் கற்றுக்கொள்ள வருகிறார்கள். டிசைன் படத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் மூன்று துண்டைத் தைக்கச் சொல்லி, நடுத்துண்டை அளந்து காட்டச் சொல்லுங்கள். அளவு வருகிறவரை அடுத்த பாடத்துக்குப் போக விடாதீர்கள்.