வில்லனுக்கு ஆள் இல்லை

பூநகரியிலிருந்து மன்னார்ப் பக்கம் போகும் ஏ-32 வீதியை விட்டு உள்ளே திரும்பினால் ஜெயபுரம். வைக்கலை முழங்கால் உயரத்துக்குக் குவித்து, மேலே தறப்பாள் விரித்து, நாலு மூலையிலும் முளை அடித்திருக்கிறார்கள். மல்யுத்தம் பழகும் பொடியங்களுக்கு இதுதான் ‘ரிங்’. சுற்றிக் கயிறு கட்டக் காசு இல்லை.

நான் பார்க்கப் போனது அடிபிடியை அல்ல, விழும் வித்தையை. மல்லாக்க விழும்போது நாடி நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் பிடரி நிலத்தில் மோதாது. மூச்சை வெளியே விட்டு, இரு கைகளையும் விரித்து உள்ளங்கையால் தறப்பாளில் அறைய வேண்டும். சத்தமும் எழும், அடியும் முதுகெங்கும் பரவிப்போகும். முழங்கையை ஊன்றினால் எலும்பு தப்பாது. எல்லாம் கைபேசியைப் பார்த்துப் பழகியது. பக்கத்தில் நின்று திருத்த ஓர் ஆசான் இல்லாமல் இதைத் தொடர்வது எனக்குப் பயமாகவே இருக்கிறது; சொல்லவும் சொன்னேன்.

“எல்லாம் பொய்தானே தம்பி?” என்று ஒருவனைக் கேட்டேன்.

“ஆர் வெல்லுறது எண்டதுதான் அண்ணை பொய். விழுறது உண்மை.” திரும்பி நின்று முதுகைக் காட்டினான். சிவந்து கிடந்தது.

அவர்களுடைய கேள்வி வேறு: மல்யுத்தம் பார்க்காத சனத்துக்கும் தங்கள் பெயர் எப்படித் தெரியவரும்? பெரிய பனர் அடிக்கலாம் என்றான் ஒருவன். விளையாட்டுக் கழகங்களுக்கு ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பும் செய்கிறவர் சிரித்தார். “பனரை ஆடுதான் தின்னும்.”

பஞ்சாபின் ஜலந்தரில் இதே கேள்வியோடு தொடங்கியவர் மல்லர் கிரேட் காளி. 2007இல் அமெரிக்க மல்யுத்தக் கம்பனியான டபிள்யூடபிள்யூஈயின் உலகப் பட்டம் வென்ற இந்தியர். 2015இல் சிடபிள்யூஈ என்று சொந்தப் பயிற்சிக்கூடமும் போட்டிகளும் தொடங்கினார். 2016 பெப்ரவரியில் ஹல்த்வானியில் வெளிநாட்டு மல்லர்கள் கதிரையால் அடித்ததில் அவர் தலையில் காயம், ஆஸ்பத்திரி. விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டி முதன்மைச் செய்தியாகவே அது ஓடியது. சில நாளில் டேராடூனில் மீண்டும் மேடையேறி வென்றார். ஆனால் காளி ஏற்கெனவே ஊரறிந்த முகம். அந்த வழி ஜெயபுரத்துக்கு உதவாது.

உதவக்கூடியது அதே ஆண்டில் காளியின் சிடபிள்யூஈயிலேயே நடந்த இன்னொன்று. பிபி புல்புல் என்ற வீராங்கனை ரிங்குக்குள் நின்று, துணிந்தவர் வரலாம் என்று கூட்டத்தைச் சீண்டினார். சல்வார் கமீஸ் அணிந்த ஒரு பெண் எழுந்து வந்து அவரைத் தூக்கி எறிந்தார். அவர் கவிதா தேவி, ஹரியானாவின் பளுதூக்கும் வீராங்கனை. அந்த ஆண்டு தெற்காசிய விளையாட்டில் தங்கம் வென்றவர். காணொளி இலட்சக்கணக்கானோரிடம் போனது. அடுத்த ஆண்டே டபிள்யூடபிள்யூஈ மேடை. பார்த்தவர்களில் பலருக்கு மல்யுத்தப் பிடி ஒன்றும் தெரிந்திராது. அந்த உடுப்பைத் தெரியும். மலேசியாவில் 2019இல் ஹிஜாப் அணிந்து பட்டம் வென்ற நோர் டயானாவையும் உலகச் செய்திகள் தேடி வந்தது அதனால்தான். சனம் தன் வீட்டு ஆளை மேடையில் கண்டால் ஒரு பக்கம் சாயும், சாய்ந்தால் வாதாடும், அந்த வாதம்தான் பெயரைச் சுமந்து திரியும்.

திண்ணையில் இருந்த பெரியவர் மலையகத் தோட்டத்தில் பிறந்தவர். மன்மதன் எரியும் கதையான காமன் கூத்தில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று லயமே இரண்டாய்ப் பிரிந்து பாட்டால் மோதும் என்றார். மன்மதன் எரியப்போவது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் விடியவிடிய நிற்பார்களாம். மல்யுத்தக் கம்பனிக்காரர் எவரும் இதைவிடத் தெளிவாகத் தொழிலைச் சொன்னதாக நான் கேட்டதில்லை.

பொடியங்களுக்குச் சிக்கல், நல்லவன், கெட்டவன் என்று கட்சி பிரிப்பதில்தான் வந்தது. எல்லாருக்கும் நல்லவன் வேடம் வேண்டும். அமெரிக்க மரபில் ஆட்டத்தை உள்ளிருந்து நடத்துகிறவனே பெரும்பாலும் கெட்டவன். அடுத்த பிடி என்ன என்று காதுக்குள் சொல்லுகிறவன். சொல்லிப் பார்த்தேன். ஒருவனும் அசையவில்லை.

“அம்மா பார்க்க வருவா அண்ணை,” என்றான் கூட்டத்தில் உயரமானவன். “அவவுக்கு முன்னால சனம் என்னை ஊ எண்டு கத்தினா?”

அறிவிப்பாளர் ஒலிவாங்கியைத் துடைத்தபடி, அம்மாவையே முதலில் கத்தவைக்கலாம் என்றார்.