'தெரியும்... ஆனா இப்ப சொல்ல முடியாது!' - பி.ஆர் வேலையை என் தோழி ஏன் விடவில்லை?

ஜர்னலிசம் டிப்ளமோ முடித்த கையோடு எனக்கும் என் ஹாஸ்டல் ரூம்மேட்டுக்கும் ஒரே வாரத்தில் வேலை கிடைத்தது. எனக்கு இணையதள டெஸ்க்கில். அவளுக்குச் சென்னையில் ஒரு பி.ஆர் ஏஜென்சியில். சம்பளம் அவளுக்குத்தான் அதிகம். அந்தக் கடுப்போ என்னவோ, "கடைசில நீ ஜால்ரா அடிக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் சிரித்தாள். "அப்பா வாங்கின லோன் இருக்குடி. ஜால்ராவோ என்னவோ, மாசம் ஒண்ணாம் தேதி சத்தம் கேட்டா போதும்."

இந்த வேலை என்னவென்று அவள் அம்மாவுக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கடைசியில் சினிமா டைட்டில் கைகொடுத்தது. "படத்துல 'மக்கள் தொடர்பு'ன்னு ஒரு பேர் போடுவாங்களே, அது மாதிரிம்மா" என்றதும் புரிந்துவிட்டது. தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ என்று அறியப்படுபவர் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். 1958-ல் வெளியான எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' படத்தில் தொடங்கியது அந்தப் பயணம்.

ஆனால், என் தோழியின் வேலையில் சினிமா வெளிச்சம் எதுவும் இல்லை. பிரஸ் ரிலீஸ் எழுத வேண்டும். "மெயில் பாத்தீங்களா சார்?" என்று ஒவ்வொருவருக்கும் போன் செய்ய வேண்டும். மறுநாள் எந்தப் பேப்பரில் எத்தனை வரி வந்தது என்று தொகுத்து கிளையன்ட்டுக்கு அனுப்ப வேண்டும். ஒரு வரிகூட வராவிட்டால், அதற்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். நானே அவள் போனைப் பலமுறை கட் செய்திருக்கிறேன்.

அந்த எண்ணத்தை மாற்றியது ஓர் இரவு.

ஒரு தனியார் நிறுவனத்தின் குடோனில் தீ விபத்து. மணி பத்தைத் தாண்டிவிட்டது. 'உள்ளே பலர் சிக்கியிருக்கிறார்கள்' என்று வாட்ஸ்அப்பில் தகவல் பறக்கிறது. அந்த நிறுவனம் அவளுடைய கிளையன்ட். உடனே போன் போட்டேன்.

"யாருக்காவது அடிபட்டிருக்கா?"

"தெரியும். ஆனா இப்ப சொல்ல முடியாது. அவங்க வீட்டுக்கு இன்னும் தகவல் போகல."

"எனக்கு மட்டும் சொல்லுடி, பேர் போட மாட்டேன்."

"உனக்குன்னு இல்ல, எல்லாருக்கும் ஒண்ணா மெயில் வரும். உள்ளே யாரும் சிக்கலைங்கிறது உறுதி. அதை மட்டும் போட்டுக்கோ."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அவள் சொன்னதை மட்டுமே செய்தியில் சேர்த்தேன். நள்ளிரவு தாண்டி மெயில் வந்தது. காயமடைந்த இரண்டு தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள் என்று அதில் தெளிவாக இருந்தது.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன நடந்தது என்பது எனக்குப் பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. 'யாருக்கும் பாதிப்பில்லை' என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவள் மறுத்திருக்கிறாள். "நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு ரிப்போர்ட்டர் வந்து நின்னா போதும் சார். அதுக்கப்புறம் நாம உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க" என்று ஒன்றரை மணி நேரம் வாதாடியிருக்கிறாள். வரி மாறியது. ஆனால், அடுத்த மாதமே அந்த கிளையன்ட் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஆபீஸில் அவளுக்குச் செம திட்டு.

டிப்ளமோ வகுப்பில் பரீட்சைக்காக நாங்கள் படித்த ஐவி லீ அப்போது ஞாபகத்துக்கு வந்தார். 1906-ல் அமெரிக்காவின் அட்லான்டிக் சிட்டியில் நடந்த ரயில் விபத்தை மூடி மறைக்காமல், ரயில்வே நிறுவனத்தின் சார்பில் தகவல்களை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தவர். உலகின் முதல் பிரஸ் ரிலீஸ் என்று பலரும் குறிப்பிடுவது அதைத்தான். அதே மனிதர், 1914-ல் கொலராடோ சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தின்போது முதலாளிகளுக்காகத் தவறான தகவல்களைப் பரப்பி, 'பாய்சன் ஐவி' என்று பெயர் வாங்கினார். ஆளும் ஒன்றுதான், வேலையும் ஒன்றுதான். எழுதிக் கொடுத்த வரிதான் வேறு.

"இவ்வளவு திட்டு வாங்கிட்டு ஏன்டி இன்னும் இருக்க? வேற வேலை பாரேன்" என்று ஒருநாள் பீச்சில் உட்கார்ந்து கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "ரெசிக்னேஷன் லெட்டர்கூட டைப் பண்ணி வெச்சேன். லோன் முடியலைங்கிறது ஒரு காரணம், பொய் சொல்ல மாட்டேன். ஆனா இன்னொண்ணும் இருக்கு. அன்னிக்கு அந்த வரியை எழுதச் சொன்ன ரூம்ல உன்னை மாதிரி ரிப்போர்ட்டர் யாரும் இல்ல. இருக்கவும் முடியாது. நான்தான் இருந்தேன். நான் போயிட்டா அங்க யாரு உக்காருவா?"

என்னிடம் பதில் இல்லை. என் கைக்கு வரும்போது அது ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்ட வரி. அவள் இருப்பது அதற்கு முந்தைய இடத்தில்.

இப்போதெல்லாம் நான் அவள் போனைக் கட் செய்வதில்லை. செய்தியாக இருந்தால் போடுகிறேன். இல்லையென்றால், "இதுல நியூஸ் இல்லடி" என்று சொல்லிவிடுகிறேன். அவளும் கோபித்துக்கொள்வதில்லை.

போன வாரம் எங்கள் கல்லூரி ஜூனியர் ஒருத்தி அவளிடம், "அக்கா, எனக்கு நல்லா பேச வரும். பி.ஆருக்கு வரலாமா?" என்று கேட்டாள்.

அவள் சொன்ன பதில்: "பேசறதைக் கத்துக்கலாம்டா. 'முடியாது'ன்னு சொல்ல வருமான்னு பாத்துட்டு வா."