வாத்தியார் வாட்டிய கம்புகள்

தாமிரபரணிக் கரையில் எங்கள் சிலம்ப வாத்தியாரின் களம் இருக்கிறது. அவர் காலமான பிறகும் அங்கே கம்பு வாட்டும் அடுப்பு அணையவில்லை. இப்போது அதன் முன்னால் உட்காருபவர் அவருடைய மூத்த மாணவர். உலர்ந்த பிரம்பில் கோணல் உள்ள இடத்தை மட்டும் தணலில் காட்டித் திருப்புகிறார். சூடு ஏறியதும் மரக்கவையில் கொடுத்து நெம்பி, ஈரத்துணியால் துடைத்து, ஒரு கண்ணை மூடி நுனிவரை பார்க்கிறார். சூடு மிஞ்சினால் தோல் கருகும். குறைந்தால் கம்பு பழைய கோணலுக்கே திரும்பிவிடும். பிறகு கணுவைச் சீவி எண்ணெய் தடவ வேண்டும். வாட்டிய கம்பை வாத்தியார் ஆற்றுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர்மேல் அடித்துப் பார்ப்பார். கீறல் இருந்தால் அந்தச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார்.

கம்பின் உயரம் ஆடுகிறவரின் நெற்றிவரை. அதனால் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தாமல் அவர் எந்தக் கம்பையும் அறுத்ததில்லை. கடையில் ஒரே அளவில் கட்டுக்கட்டாக வாங்கலாமே என்று கேட்டிருக்கிறேன். “பிள்ளைங்க ஒரே அளவாவா பொறக்கு?” என்றார்.

ஆனால் அந்தக் கம்பு உடனே கைக்கு வராது. முதலில் சுவடு. முன்வைப்பு, பின்வாங்கல், திரும்பல் என்று கால் தானாகப் போகும்வரை வெறுங்கைதான். பொறுக்காமல் வேறு களம் தேடிப்போனவர்கள் உண்டு. அவர் செய்ததுதான் சரி என்று நான் இன்றும் நினைக்கிறேன். கால் தப்பினால் எதிராளியின் வீச்சு மண்டையில் விழும். மேடை அலங்காரத்தில் அது தெரியாது.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்ந்தபோது களத்தில் எல்லோருக்கும் கருப்பட்டி மிட்டாய் கொடுத்தார். அன்று சாயங்காலமே எங்களுக்குள் வாக்குவாதம். பதக்கம் வந்தால் கலை பிழைக்கும் என்றேன். தொடுமுறையும் கூட வந்தால்தான் பிழைக்கும் என்றார். எதிராளியின் உடம்பைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் ஆட்டம் அது. தனியாகச் சுற்றிக் கைதட்டு வாங்குகிறவனுக்கு எதிரில் நிற்கும் ஆளைப் பார்க்கத் தெரியாமல் போகும் என்பது அவர் கவலை. எங்கள் சிநேகிதம் பாதி இந்தச் சண்டையில்தான் வளர்ந்தது. அதை இனி யாரிடம் போடுவேன்?

அவர் கைக்கம்புக்கு மாலை போட்டுப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டலாம் என்று சிலர் சொன்னார்களாம். வாத்தியார் வீட்டு அக்கா சம்மதிக்கவில்லை. “சும்மா கெடந்தா உளுத்துப் போகும், எடுத்து வெளயாடுங்கடே” என்று மூத்த மாணவர் கையில் கொடுத்துவிட்டார். வாத்தியார் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட இரண்டு பையன்கள் முறைபோட்டு அதில் தொடுமுறை பழகுகிறார்கள். அடிபட்டு ஒரு நுனி பிரியத் தொடங்கியிருக்கிறது. பூண் போடச் சொல்லியிருக்கிறேன்.